போடு, போடாத

விருத்தாசலம்
14.6.2025

அன்புள்ள துர்காவுக்கு,

நீலாவதி எழுதுவது. என் பேரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வீட்டுக்கு வந்தேன். வாசற்படியிலேயே நிறுத்தி, "பாப்பா தூங்குதும்மா, நீ போயிட்டு வா" என்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நீ நின்றதைப் பார்த்தேன். போனிலும் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். அதற்காக நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

அந்த விபத்தைப் பற்றி நம் பீங்கான் யூனிட்டில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. என் கதையை நானே எழுதிவிடுகிறேன். நீ பிரஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து, அச்சில் ஒட்டிய பீங்கான் மாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் ஸ்விட்சில் நின்றேன். நீ எனக்கு இடது பக்கம். சூப்பர்வைசர் சக்கரபாணி என் வலது தோளை ஒட்டி நின்றார். ஃபியூஸ் கட்டை ஆர்டர் அன்றைக்கே லாரி ஏற வேண்டும் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். உன் முகம்தான் எனக்குத் தெரியும். கையை பிரஸ்ஸின் தூண் மறைக்கும், உனக்கே தெரியும். துணி மாட்டிக்கொண்டது என்று நீ மறுபடியும் கையை உள்ளே விட்டதை நான் பார்க்கவில்லை. அவர் "போடு" என்றார். போட்டேன்.

நீ "போடாத" என்று கத்தினாய் என்கிறார்கள். கத்தியிருப்பாய். உன்னைப் பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குக் கேட்டது "போடு" மட்டும்தான்.

இப்போது என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் காது டெஸ்ட்டுக்குப் போக வேண்டுமாம். முதலாளி முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஒனக்குக் காது மந்தம்மா. அத மறச்சி வேலைக்கி வந்துட்ட." எனக்கா மந்தம்? பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் முனகுமே, அதுவே என் கட்டில்வரை கேட்கும். போய் நிரூபித்துவிட்டு வருகிறேன்.

உன் கையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீலாவதி


கருவேப்பிலங்குறிச்சி
23.6.2025

நீலாவதிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். பயிற்சி கொடுக்கிற அம்மா தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். உங்களுக்கு எழுதுவதும் பயிற்சிதான்.

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கத்தினேன். "போடாத, போடாத." இரண்டாவது தடவை கத்தும்போது நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்துக்கொண்டேதான் போட்டீர்கள். அந்த முகம் எனக்குக் கண்ணை மூடினால் வருகிறது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எழுதத் தெரியவில்லை என்றீர்களே, இப்படித்தான் எழுத வேண்டும்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள். உங்கள் கவனக்குறைவால்தான் விபத்து, கம்பெனிமேல் தப்பு இல்லை என்று டைப் அடித்துக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவோடு மேலேயும் கொஞ்சம் தருவார்களாம். என் வீட்டுக்காரர் போடச் சொல்கிறார். நான் இன்னும் போடவில்லை. வலது கை ஆகாததால் இல்லை.

துர்கா


விருத்தாசலம்
28.6.2025

துர்கா,

காசியம்மாள் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் ஊரிலிருந்து அவள் தினம் யூனிட்டுக்கு பஸ்ஸில் வருவதால் இனி அவளிடமே கொடுத்து அனுப்பு. எழுத்து கோணலாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் நேராக வந்து குத்துகிறது. குத்தட்டும்.

டெஸ்ட்டுக்குப் போய்விட்டு வந்தேன். சக்கரபாணியும் கூடவே வந்தார், நான் நடுவில் இறங்கி ஓடிவிடுவேன் என்பதுபோல. பரிசோதனை செய்தது தமிழினி என்று ஒரு சின்னப் பெண். சத்தம் போகாத அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தூக்கச் சொன்னது. தூக்கினேன். முடிந்ததும், "ரெண்டு காதும் நல்லா இருக்குதுங்க" என்றது. சக்கரபாணி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அப்பறம் எப்பிடிங்க மேடம், பக்கத்துல கத்துனது கேக்காம பூடும்?" என்றார்.

தமிழினி அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அன்று யார் எங்கே நின்றோம் என்று என்னிடம் கேட்டது. சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு டெஸ்ட் இருக்குது. கம்பெனி கேக்கல. ஒங்களுக்கு இஷ்டம்னா பாக்கலாம்" என்றது. பார்க்கலாம் என்றேன்.

இந்தத் தடவை ஒரே நேரத்தில் ஒரு காதில் "பா" வருகிறது, இன்னொரு காதில் "கா" வருகிறது. இப்படியே மாற்றி மாற்றி. எது தெளிவாகக் கேட்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே சத்தம் வருவதுபோலத்தான் இருந்தது. முடிந்தபிறகு பார்த்தால், நான் சொன்னதில் பெரும்பாலும் வலது காதில் வந்ததுதான்.

"பயப்படாதீங்க, நெறைய பேருக்கு இப்பிடித்தான்" என்றது அந்தப் பெண். "பேச்சப் புரிஞ்சிக்கிற வேலைய மூளையோட இடது பாதிதான் அதிகமா பாக்குது. வலது காதுல வுழுற பேச்சு அங்க நேரா போயிடுது. இடது காதுல வுழுறது மொதல்ல வலது பாதிக்குப் போயி, அங்கேருந்து தாண்டி வரணும். ரெண்டும் ஒண்ணா வந்துச்சின்னா வலது காது கொஞ்சம் முந்திக்கிது."

அதன்பிறகு, "இப்ப எடது காதுல வர்றத மட்டும் கவனிங்க. வலது பக்கம் எது வந்தாலும் வுட்டுடுங்க" என்றது. முதலில் தேர்க்கூட்டத்தில் எதிர்த்து நடப்பதுபோல இருந்தது. போகப்போக இடது காதும் கேட்டது. கடைசியில் இடது பக்கத்தையே அதிகம் சொன்னேனாம். "கவனத்தத் திருப்புனா சாயுற பக்கமும் மாறுது, பாத்தீங்களா" என்று அந்தப் பெண் சிரித்தது.

என்மேல் தப்பு இல்லை என்று எழுதிக் கொடு என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டது. "ஹெட்போன்ல ஒரு காதுக்கு ஒரு சத்தம்தான் போவும். மெஷினு பக்கத்துல ரெண்டு பேரு கத்துனா ரெண்டு சத்தமும் ரெண்டு காதுக்கும் வரும். அன்னைக்கி இன்னா நடந்துச்சின்னு இந்த டெஸ்ட்ட வச்சி சொல்ல முடியாதுங்க. காது நல்லா இருக்குதுன்னு எழுதறேன். அது உண்ம." எனக்குக் கோபம்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

காது மந்தம் என்கிற கதை போய்விட்டது. நான் வேண்டுமென்றே கேட்காமல் இருக்கவில்லை, துர்கா. மூளையின் வாகே அப்படி இருக்கிறது. இதை நீ நம்ப வேண்டும்.

நீலாவதி


கருவேப்பிலங்குறிச்சி
6.7.2025

நீலாக்கா,

அக்கா என்று எழுதியதால் ஆறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீலாவதி என்று எழுத அதிக நேரம் பிடிக்கிறது.

உங்கள் கடிதத்தை அம்மாவும் படித்தாள். "பாவம், அது இன்னா பண்ணும்" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலது காது முந்திக்கொள்ளும் என்பதை அவ்வளவு நீட்டி எழுதியிருக்கிறீர்கள். அடுத்து வந்ததைச் சட்டென்று தாண்டிவிட்டீர்கள். இடது பக்கம் கவனி என்று யாரோ ஒரு பெண் சொன்னதும் உங்களுக்கு இடது பக்கம் கேட்டிருக்கிறது. ஹெட்போனில் வந்த "பா"வும் "கா"வும் கேட்டிருக்கிறது. நான் இத்தனை வருஷம் உங்கள் இடது பக்கம் உட்கார்ந்தேன். என் குரலுக்கு ஏன் அந்தக் கவனம் இல்லை? மூளையைக் காட்டித் தப்பிக்காதீர்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் வளவன் மறுபடியும் அந்தப் பேப்பரோடு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

"அந்தப் பொம்பளைக்காக நீ ஏன் மல்லு கட்டுற? போடு கையெழுத்த. பொழப்பப் பாக்கணும்" என்கிறார் அவர். அதே நேரம் அம்மா, "போட்டுட்டா நாளைக்கி கைவலின்னு போயி நின்னாகூட எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்" என்கிறாள். இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. அம்மா பக்கம் மனசை வைத்தால் அவர் வாய்தான் அசைகிறது. அவர் பக்கம் வைத்தால் அம்மா பேசுவது வெறும் இரைச்சல். இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை.

அப்போதுதான் உங்கள் முகத்துக்கு எனக்கு அர்த்தம் கிடைத்தது. கண் என்மேல் இருந்தது, காதை அவரிடம் கொடுத்திருந்தீர்கள். கொடுத்தது நீங்கள்தான். ஏன் கொடுத்தீர்கள்? அதற்குப் பதில் எழுதுங்கள். மூளை கீளை என்று எழுதினால் இனிமேல் உங்கள் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன்.

துர்கா


விருத்தாசலம்
13.7.2025

துர்கா,

நீ கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது பதில் எழுதுகிறேன். தலையைக் குனிந்துகொண்டு எழுதவில்லை, நிமிர்ந்துதான் எழுதுகிறேன்.

ஆமாம். காதை அவரிடம் கொடுத்திருந்தேன். பிரஸ்ஸில் முதலில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். அச்சில் உட்கார்ந்திருக்கிறவள் கையை எடுத்துவிட்டு "ஆச்சி" என்பாள். அதைக் கேட்டுத்தான் ஸ்விட்சில் நிற்கிறவள் போடுவாள். அதை மாற்றியது யார்? "நீங்க ரெண்டு பேரும் பேசிப் பேசி ஓட்டுனா ஆர்டரு எப்பப் போவும்? இனிமே நான் சொன்னாதான் போடணும், வேற எவ சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது" என்று சக்கரபாணி சொன்னபோது நீயும்தான் இருந்தாய். ஒரு நாள் ஸ்விட்சில் நின்ற தமிழ்மணி உன் பேச்சைக் கேட்டு மெஷினை நிறுத்தினாள். சம்பளத்தில் பிடித்தார்கள், அவள் அழுதாள். அன்றிலிருந்து ஸ்விட்சில் நின்றால் அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். மற்ற எதுவும் கேட்காது. அவர் எப்போதும் வலது பக்கமே நின்றார். என் கவனமும் அந்தப் பக்கமே சாய்ந்து கிடந்தது. அதை அப்படிச் சாய்த்து வைத்தது அவர்கள்.

அதோடு அந்தக் கம்பித் தடுப்பு. அச்சுக்கு முன்னால் கதவு மாதிரி ஒன்று இருந்ததே. அதைச் சாத்தினால்தான் பிரஸ் இறங்கும். திறப்பதற்கும் சாத்துவதற்கும் நேரம் ஆகிறது என்று பொங்கலுக்கு அப்புறம் கழற்றிவிட்டார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டது என் கைதான். அதை எவனுக்காகவும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தத் தடுப்பு இருந்திருந்தால் நான் செவிடாகவே இருந்திருந்தாலும் உன் விரல் தப்பித்திருக்கும். ஒரு பெண்ணின் கை பிழைப்பதற்கு இன்னொரு பெண்ணின் காது வேண்டும் என்றால் அந்த மெஷினை ஓட்டவே கூடாது. என் காதைச் சோதித்தார்களே, மெஷினை யாராவது சோதித்தார்களா?

கடலூரிலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் 24ஆம் தேதி விசாரணைக்கு வருகிறார். நான் போய்ச் சொல்லப்போகிறேன். நீயும் வர வேண்டும். எனக்காக இல்லை. உன் இடத்தில் இப்போது காசியம்மாளை உட்கார வைத்திருக்கிறார்கள். நம் கடிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறாளே, அந்தக் கையைத்தான் தினமும் அச்சுக்குள் விடுகிறாள். தடுப்பு இன்னும் மாட்டவில்லை.

நீலாவதி


கருவேப்பிலங்குறிச்சி
19.7.2025

நீலாக்கா,

"நீயும் திறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். விரல் போனவளைப் பார்த்து எழுதுகிற வார்த்தையா அது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

காசியம்மாள் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் முழுக்க மாவு. "தடுப்ப மாட்டச் சொல்லிக் கேளு" என்றேன். "கேட்டா வேலைய வுட்டுத் தூக்கிருவாங்கடி" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பொங்கலிலிருந்து.

24ஆம் தேதி வரக்கூடாது என்கிறார் வளவன். வந்தால் கம்பெனி ஒன்றும் தராது என்று அவருக்குப் பயம். வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

துர்கா


விருத்தாசலம்
17.8.2025

துர்கா,

அன்றைக்கு நீ பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வருவதை யூனிட் கேட்டிலிருந்து பார்த்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், அதை முதலாளி பார்த்துவிடுவார் என்றுதான் நான் பேசவில்லை. நீ ஏன் பேசவில்லை என்று தெரியாது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டதால் என்னிடம் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. முதலாளியும் உள்ளேதான் இருந்தார். காது ரிப்போர்ட்டை மேசையில் தட்டி, "காது நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்குது சார். நல்ல காத வச்சிக்கிட்டு கேக்கலன்னா அது திமிரு, இல்லன்னா வேணும்னே பண்ணது" என்றார். காது கெட்டிருந்தாலும் என் தப்பு, நன்றாக இருந்தாலும் என் தப்பு.

நான் சொன்னேன்: "ஆமாங்க சார், என் காது நல்லாதான் இருக்குது. ஒரே நேரத்துல ரெண்டு பேரு பேசுனா எந்தப் பக்கம் கவனிக்கிறமோ அதுதான் கேக்கும். சூப்பர்வைசர் சொல்றத மட்டும்தான் கவனிக்கணும்னு சட்டம் போட்டது இவுங்க. அவர்தான் 'போடு'ன்னாரு. அவரு நின்ன எடத்துல அச்சு தெரியுமான்னு கேளுங்க."

ஆய்வாளர் சக்கரபாணியைக் கூப்பிட்டு, பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நிற்க வைத்தார். "இங்கேருந்து கை தெரியிதா?" என்று கேட்டார். அவர் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தார். தெரியவில்லை என்று அவர் வாயாலேயே வந்தது. "தெரியாத எடத்துல நின்னுக்கிட்டு எத வச்சி போடச் சொன்னீங்க?" என்றார் ஆய்வாளர்.

தடுப்பு துருப்பிடித்ததால் ரிப்பேருக்கு அனுப்பியிருப்பதாக முதலாளி சொன்னார். "எந்த லேத்துப் பட்டறைக்கிங்க?" என்று கேட்டேன். சூளைக்குப் பின்னால், காலிச் சாக்குக்கு அடியில் கிடந்தது. நானே போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினேன். துருவும் இல்லை, ஒன்றும் இல்லை.

தடுப்பு மாட்டும்வரை எந்த பிரஸ்ஸையும் ஓட்டக்கூடாது என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது உனக்கே தெரியும். காசியம்மாள் கை தப்பியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நேற்று எனக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. யூனிட் கேட்டிலும் அதை ஒட்டியிருக்கிறார்கள்: சக தொழிலாளியின் எச்சரிக்கையை அலட்சியம் செய்தேனாம். சக்கரபாணி குரலை மட்டும் கேட்பதற்குத்தான் இத்தனை நாள் கூலி கொடுத்தார்கள். அதைக் கேட்டதற்காகவே இப்போது வெளியே அனுப்புகிறார்கள். நான் அதை வாங்கவில்லை. தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வழக்குப் போடப் போகிறேன். வேறு வேலை தேடிக்கொள் என்று என் அண்ணன் சொல்கிறார். தேடமாட்டேன். அந்த யூனிட்டுக்குள் நுழைந்துதான் தீருவேன்.

உள்ளே நீ என்ன சொன்னாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்கு எதிராகச் சொல்லியிருந்தாலும் அது உன் உரிமை.

நீலாவதி


கருவேப்பிலங்குறிச்சி
8.9.2025

நீலாக்கா,

உள்ளே நான் சொன்னதைக் கேளுங்கள். "நீலாவதி ஸ்விட்சப் போட்டதாலதான் என் கை போச்சி" என்றுதான் ஆரம்பித்தேன். முதலாளி சிரித்தார். "அது போடுறதுக்கு முன்னாடியே தடுப்பக் கழட்டிட்டாங்க சார். என் வாயையும் அடச்சிட்டாங்க. அச்சுல ஒக்காந்தவ பேச்சக் கேக்கக் கூடாதுன்னு சொன்ன எடத்துல நான் கத்தி என்னா ஆவப் போவுது?" என்று முடித்தேன். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. அந்த டைப் அடித்த பேப்பரையும் கையெழுத்தில்லாமல் ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வளவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது அவரே நஷ்டஈட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு அலைகிறார்.

இனி இன்று நடந்தது. தடுப்பு மாட்டிவிட்டார்கள், ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி கொடுத்துவிட்டார். எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு பேக்கிங்கில் உட்காருகிற வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். போனேன். மெஷினைத் தட்டச் சொன்னார் சக்கரபாணி. யாரும் அசையவில்லை. காசியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தமிழ்மணியும் நின்றாள். வேலை போய்விடும் என்று பயந்தவள்தானே காசியம்மாள்! அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "நீலாக்கா வராம பிரஸ்ஸு ஓடாதுங்க."

முதலாளி அறையிலிருந்து இறங்கி வந்தார். எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம்தான் வந்தார். "ஏம்மா, ஒன் வெரல எடுத்தவளுக்காகவா நிக்கிற?" என்றார்.

"அது எனக்கும் அக்காவுக்கும் உள்ளதுங்க. அதுல ஒங்களுக்கு எடம் கெடையாது" என்றேன்.

மத்தியானம் தாண்டியும் வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். லாரி வந்து காலியாக நின்றது. டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. சாயங்காலம் சக்கரபாணி வந்து, "நாளைலேருந்து அத வரச் சொல்லுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுங்கள் என்று தமிழ்மணி விடவில்லை. எழுதி வாங்கியதை இந்தக் கடிதத்தோடு காசியம்மாளிடம் கொடுத்திருக்கிறேன், காலையில் முதல் பஸ்ஸிலேயே கொண்டுவந்து தருவாள்.

உங்களை மன்னித்துவிட்டதாக நான் எங்கேயும் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் எழுதுவேனா என்றும் தெரியாது. சில நாள் காலையில் எழுந்ததும் உங்கள்மேல் வருகிற கோபம் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் ஸ்விட்சில் வேறு ஒருத்தி நின்றால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும். இனி உங்கள் அளவுக்குக் கவனமாக வேறு ஒருத்தியும் அங்கே நிற்கமாட்டாள்.

பேக்கிங் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடது கையால் துடைக்கப் பழகிவிட்டேன், அச்சில்தான் உட்காருவேன். ஸ்விட்சுப் பலகையை, என் கையும் தெரிகிற மாதிரி, என் முகத்துக்கு எதிரே மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறோம். சக்கரபாணி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்று கத்திக்கொள்ளட்டும்.

நாளைக்கு முதல் ஷிப்டுக்கு வந்துவிடுங்கள். நான் பேசுவேன், கேட்க வேண்டியது நீங்கள்.

துர்கா